சொலுந்தோ ஏற்றத்தில் வைத்த கை

இன்று லீவு. நான் வேலை செய்யும் வீட்டுச் சின்யோராவின் பழைய சைக்கிளில் சொலுந்தோ மலைக்கு, அந்தப் பழைய நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்கப் போனேன்.

கடைசி ஏற்றத்தில், பந்தய உடுப்புப் போட்ட இத்தாலியர் ஒருவர் மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்று வந்தால் பக்கத்தில் வருபவரின் முதுகில் கைவைத்துத் தள்ளுவோமே, அதே பழக்கத்தில் கையை வைத்துவிட்டேன்.

முறைத்தார். ஆனால் கையை எடுக்கச் சொல்லவில்லை.

மேலே, உடைந்த தூண்களுக்கு நடுவே இருந்தபடி இத்தாலிய மொழியில் கேட்டார்: "நீ எந்தச் சைக்கிள் கிளப்?"

"லிபெர்த்தா வீதியிலை ஒரு வீட்டிலை சமைக்கிறன்."

"ஞாயிற்றுக்கிழமை எங்களோடை வாறியா? நல்ல சைக்கிள் தாறன்."

இந்த ஊரில் வேலைக்கல்லாமல் என்னை ஒருவர் கூப்பிட்டது இதுதான் முதல்முறை. "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்த கையோடு புறப்பாடாம். பந்தயக்காரரின் அந்த இறுக்கமான கால்சட்டையோடு நம் தமிழ்ப் பூசைக்கு வந்தால், அங்கே வரும் உங்களில் யார் எனக்குப் பக்கத்தில் இருப்பீர்கள்?