எடை மாத்திரை

திருமானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் வளர்மதி வேலைக்குச் சேர்ந்தது 1996இல். ஜெயங்கொண்டத்தில் வாழப்போன வீட்டிலிருந்து இரண்டே வருஷத்தில் திரும்பி வந்திருந்தாள். ஏன் வந்தாய் என்று துருவியவர்களிடம், "அந்தத் தெருவுல ஒரு நல்ல கபடி டீம்கூட இல்ல" என்றாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை. அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

ஆனாலும் அந்தப் பதிலில் பாதி நிஜம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவள் பிடிகாரி. கபடி பாடி வந்தவளின் கணுக்காலை இவள் கை தொட்டுவிட்டால் அவள் திரும்பிக் கோட்டைத் தொடுவது நடக்காது. பத்தாவது முடிந்ததும் அப்பா நிறுத்திவிட்டார். ஆட முடியாமல் போனவள் பார்க்க ஆரம்பித்தாள். பார்க்க வரும் பெண்கள் டிராக்டர் டிரெய்லரில் ஏறி நின்று பார்ப்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். வளர்மதி கோட்டு ஓரத்தில், புள்ளி எழுதுகிறவரின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். முதல் வருஷம் முறைத்தார்கள். மறு வருஷம் வழிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வராமல் ஆட்டம் தொடங்கினால், "மதியக்கா எங்கடா?" என்று பையன்களே கேட்டார்கள்.

கடைக்கு வரும் பேப்பரை அவள் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாள். மருந்து சாப்பிட்டு மாட்டிக்கொண்டவர்களின் செய்தி வந்த நாட்களில் அவளோடு யாரும் வாய் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டு ஓட்டக்காரனோ, நம் ஊர்ப் பளு தூக்கும் பெண்ணோ, யாராக இருந்தாலும் வசவு ஒன்றுதான். ஒருமுறை இருமல் மருந்து வாங்க வந்த அய்யாக்கண்ணு என்கிற கிழவர் அகப்பட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா தாத்தா. மருந்து தின்னுட்டுப் போயி வெயிட்ட தூக்கியிருக்காளுவ. நாட்டு மானமே போச்சு."

"என்னாத்த தின்னாளுவளாம்?"

"என்னமோ ஊசி, மாத்திரன்னு போட்டிருக்கான்."

"நீ விக்கிறியே, அதுவா?"

"நான் விக்கிறது சீக்குக்காரங்களுக்கு. அவளுவ திங்குறது மெடலுக்கு. உங்களுக்கு இருமல் மருந்தா, மெடலா?"

"சளி போனா போதும் ஆயி" என்று கிழவர் பாட்டிலை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

அவளுடைய திருமானூர் அணி அப்படிப்பட்டது அல்ல என்பதில் அவளுக்குப் பெருமை. கரும்பு வெட்டப் போகிறவன், சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக இருப்பவன், ஐடிஐ படிப்பவன் என்று எல்லாரும் பழைய சோறு குடித்து வளர்ந்த உடம்புகள். இவர்களுக்கு எந்த மருந்து தேவை என்பாள்.

அந்தப் பக்கத்துப் போட்டிகள் பெரும்பாலும் அறுபது கிலோ எடைப்பிரிவு. உரக்கடையிலிருந்து மூட்டை நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து மைதானத்து ஓரத்தில் வைப்பார்கள். காலையில் எல்லா வீரர்களும் ஏறி இறங்க வேண்டும். முள் அறுபதைத் தாண்டினால் அவன் வெளியே. அதற்காகப் பையன்கள் முதல்நாளே பட்டினி கிடப்பார்கள். உச்சிவெயிலில் உரச்சாக்குப் பிளாஸ்டிக்கை உடம்பில் சுற்றிக்கொண்டு கொள்ளிடம் கரைமேல் ஓடுவார்கள். எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டே திரிவார்கள். அப்படியும் இறங்காத எடைக்கு ஒரு வழி இருந்தது. கால் வீங்கிய கிழவிகளுக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரை, நீர் பிரியவைப்பது. விழுங்கினால் ஓயாமல் ஒதுங்க வேண்டியிருக்கும். விடிந்தால் ஒன்றரை கிலோ குறைந்திருக்கும். பையன்கள் அதற்கு எடை மாத்திரை என்று பெயர் வைத்திருந்தார்கள். தராசை விட்டு இறங்கியதும் இளநீர், பரோட்டா, இன்னும் இளநீர். சாயங்காலம் ஆட்டத்துக்கு இறங்கும்போது போன எடையெல்லாம் திரும்பியிருக்கும்.

எல்லா ஊரிலும் இதுதான் நடந்தது. திருமானூர் அணிக்கு அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தவள் வளர்மதி. டாக்டர் சீட்டு கேட்டதில்லை. அதை மருந்து என்ற கணக்கிலேயே அவள் சேர்த்ததில்லை.

சின்னதுரை அந்த அணிக்கு வந்தபோது ஒல்லியாக, முழங்கால் மட்டும் பெரிதாக இருந்தான். அம்மா பாப்பாத்தி கரும்பு வெட்டும் கூலி. மூன்று வருஷத்தில் அவன் பாடிப் போனால் எதிரணி பின்வாங்கிக் கோட்டு விளிம்பில் நிற்கும் நிலை வந்தது. 2004 கடைசியில் மாநிலப் பயிற்சி முகாமுக்கு அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். முகாமில் தேறினால் சென்னையில் ஓர் அரசு நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. ஆர்டர் தயாராக இருப்பதாகச் சொன்னார்கள். பாப்பாத்தி மருந்துக்கடைக்கே வந்து, "எம்புள்ள பேண்ட்டு போட்டு ஆபீஸ் போவப்போறான் மதி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முகாமுக்கு முந்தைய வாரம் பூலாம்பாடியில் பொங்கல் போட்டி. திருமானூர் இரண்டு வருஷமாக அங்கே இறுதி ஆட்டத்தில் தோற்றிருந்தது. சின்னதுரை அதற்குள் அறுபத்திரண்டு கிலோ. கடை வாசலில் வந்து நின்றான்.

"நான் இந்த ஆட்டத்துக்குப் போவலக்கா. முகாம் இருக்கு. உடம்பப் பட்டினி போட்டுட்டு அங்க போயி நின்னா நல்லாருக்காது."

வளர்மதி ஷட்டர் பக்கம் சாய்ந்தபடி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னும் பஸ்ஸே ஏறல, அதுக்குள்ள மெட்ராஸ்காரன் ஆயிட்டியா? போ. நாங்க மூணாவது தடவையும் தோத்துட்டு வரோம். நீ ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து கேட்டுக்க."

"ஏங்க்கா இப்பிடிப் பேசுற?"

"பின்ன எப்பிடிப் பேசுறது? உன்ன வளத்தது இந்த டீமுதான்."

அவன் கையை நீட்டினான். அவள் மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தாள்.

பூலாம்பாடியில் திருமானூர் ஜெயித்தது. ஆளுயரக் கேடயத்தை டெம்போவில் நிற்கவைத்து ஊர்வலம் வந்தார்கள். வளர்மதிக்குத் தொண்டை கட்டிப்போனது. அடுத்த வாரம் சின்னதுரை முகாமுக்குப் போனான். போன அன்றே எல்லாரிடமும் சிறுநீர் வாங்கினார்கள்.

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. "ஊக்க மருந்து: கபடி வீரர் சிக்கினார்" என்று ஒற்றைப் பத்தியில் போட்டிருந்தான். பெயர், ஊர், அதற்குக் கீழே மருந்தின் பெயர். வளர்மதி பெயரைப் படித்ததும், "இவனுமா" என்றுதான் முதலில் நினைத்தாள். சென்னைக்குப் போனதும் எவனோ எதையோ கொடுத்துக் கெடுத்திருக்கிறான் என்று திட்டினாள். பிறகுதான் மருந்தின் பெயரைப் படித்தாள். தலைக்கு மேல் மூன்றாவது தட்டில் அந்தப் பெயர் ஆறு அட்டைப் பெட்டிகளில் அச்சாகியிருந்தது. உடம்பிலிருந்து நீரைப் போக்கி மற்ற மருந்துகளின் தடயத்தை மறைக்க உதவுவதால் இதற்கும் தடை உண்டு என்று கடைசி வரி சொன்னது.

அன்று சாயங்காலமே ஊர் பேசத் தொடங்கியது. அவனோடு ஒரே அட்டையிலிருந்து மாத்திரை பிய்த்துத் தின்ற பையன்கள் டீக்கடையில் உட்கார்ந்து, "அவன் பாடுற வேகம் ஏறினப்பவே நெனச்சேன்டா" என்று பேசிக்கொண்டார்கள். அது இதே மாத்திரைதான் என்று வளர்மதி போய்ச் சொன்னாள். சரத்குமார் என்கிற பிடிகாரன், "அது வேறக்கா, இது ஊசி" என்றான். அவனுக்கு அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

கபடிக் குழுவின் செயலாளர் வைத்திலிங்கத்துக்கு நான்கு லாரிகள். சண்டை சச்சரவு வேண்டாம் என்று நினைக்கிற மனிதர். சென்னையில் விசாரணைக்குக் கூப்பிட்டிருப்பதை அறிந்து சின்னதுரையையும் வளர்மதியையும் தன் ஷெட்டுக்கு வரச்சொன்னார்.

"இது பெரிய விஷயமே இல்ல. கால் வீங்கியிருந்துச்சு, டாக்டர் எழுதிக் குடுத்தாரு, சாப்புட்டேன்னு சொல்லு. அரியலூர்ல எனக்கு ஆள் இருக்காரு. தேதி போட்டுச் சீட்டு வாங்கித் தரேன்."

சின்னதுரை தலையாட்டப் போனான். வளர்மதி குறுக்கிட்டாள்.

"பொய்ச் சீட்டு எதுக்குண்ணே? மருந்து தின்னவன்தான் பொய் சொல்லுவான். இவன் என்ன தின்னான்? எடைக்குத்தான தின்னான். உள்ளத உள்ளபடி சொன்னா அவங்களுக்குப் புரியாதா? நான் வரேன். நான்தான் குடுத்தேன்னு சொல்றேன்."

"ஏம்மா, அவங்க கேக்குறது உண்மைய இல்ல. காயிதம்."

"நம்ம டீமு அப்பிடிப்பட்ட டீமு இல்லண்ணே."

வைத்திலிங்கம் சின்னதுரையைப் பார்த்தார். "நீ சொல்லுடா. ஒன் வேல."

சின்னதுரை வளர்மதியைப் பார்த்தான். அவள் முகத்தில் இருந்த உறுதி அவனுக்குத் துணிச்சல் கொடுத்திருக்க வேண்டும். "அக்கா சொல்றதையே சொல்லிடுறேன்" என்றான்.

சென்னையில் அந்த அறை குளிர்ந்து கிடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அவர்கள் கோபப்படவில்லை. நடுவில் இருந்தவர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். வளர்மதி எல்லாவற்றையும் சொன்னாள். தராசு, பட்டினி, உரச்சாக்கு, மாத்திரை. சொல்லச் சொல்லத் தெளிவாகச் சொல்வதாக அவளுக்கே திருப்தியாக இருந்தது.

"ஆக, எடையைக் குறைக்கறதுக்காகத்தான் சாப்பிட்டார்?"

"ஆமாங்க சார். வேற எதுக்கும் இல்லீங்க. சத்தியமா வேகத்துக்கோ பலத்துக்கோ இல்ல."

"சாயங்காலம் ஆடும்போது என்ன எடை இருந்திருப்பார்?"

"பழைய எடை வந்துடுங்க சார். அறுபத்திரண்டு."

"எதிர்ல நின்னவங்க?"

பூலாம்பாடியின் சின்னப் பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். சின்னதுரை இழுத்த இழுப்புக்கு மூன்று பேர் சேர்ந்து கோட்டு வரைக்கும் உருண்டு வந்தது, அதைப் பார்த்து அவள் தொண்டை கிழியக் கத்தியது.

"எல்லா டீமும் செய்யறதுதாங்க சார்."

"அதையும் எழுதிக்கட்டுமா?"

ஓரத்தில் இருந்தவர் சின்னதுரையிடம் மெதுவாகச் சொன்னார்: "உடம்புக்கு முடியாம, டாக்டர் சீட்டோட சாப்பிட்டிருந்தா தண்டனையைக் குறைக்க வழி இருந்தது தம்பி. ஆட்டத்துல ஆதாயத்துக்காகன்னு உங்க சாட்சியே சொல்லிட்டாங்க."

இரண்டு வருஷத் தடை. வேலை ஆர்டர் வேறொருவனுக்குப் போனது. திரும்பும் பஸ்ஸில் சின்னதுரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே வந்தான். விழுப்புரம் தாண்டி அவள் வடை வாங்கி நீட்டினாள். வாங்கிக்கொண்டான், தின்னவில்லை.

மறுநாள் பாப்பாத்தி கடைக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று வளர்மதி எதிர்பார்த்தாள். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உண்மையச் சொன்னியாமே."

"ஆமாங்கத்த."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. எனக்குப் பொய் சொல்ல வரும்."

வைத்திலிங்கம் குத்திக்காட்டவில்லை. சின்னதுரைக்குத் தன் லாரியிலேயே வேலை கொடுத்தார். வளர்மதியைப் பார்க்கும்போதெல்லாம் வழக்கம்போல நலம் விசாரித்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லச் சொன்ன மனிதர் அவனுக்குச் சோறு போட்டார். உண்மையைச் சொல்லச் சொன்னவள் கடையில் உட்கார்ந்து தலைவலித் தைலம் விற்றாள். எடை மாத்திரை கேட்டு வந்த பையன்களை இப்போது அவள் விரட்டினாள். அவர்கள் ரோட்டைத் தாண்டி அடுத்த கடையில் வாங்கிக்கொண்டார்கள். அணி அவள் இல்லாமலும் ஜெயித்தது. போட்டிகளுக்குப் போவதை அவள் நிறுத்தியிருந்தாள். பேப்பரை இப்போது முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

2007 மே மாதம் தடை முடிந்து, வாலிகண்டபுரத்துப் போட்டியில் சின்னதுரை ஆடுகிறான் என்று கேள்விப்பட்டாள். திருமானூர் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை, பெயர் கெடும் என்று. பூலாம்பாடி சேர்த்துக்கொண்டது. இந்தப் போட்டிக்கு எடைக் கட்டுப்பாடு கிடையாது. வளர்மதி இரண்டு பஸ் மாறிப் போனாள். அவனுக்காகத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கோட்டு ஓரத்துக்குப் போகவில்லை. டிரெய்லரில் பெண்களோடு ஏறி நின்றாள். அரையிறுதியில் பூலாம்பாடியும் திருமானூரும். சின்னதுரை பனியனைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கினான். இடுப்பு தடித்திருந்தது. லாரியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த சதை. அவன் பாட ஆரம்பித்ததும் திருமானூர் பக்கத்திலிருந்து சத்தம் எழுந்தது.

"மாத்தர! மாத்தர!"

சத்தத்தைத் தொடங்கிவைத்தது சரத்குமார். அன்று காலையில் அவன் என்ன விழுங்கினான், விழுங்கவில்லை என்று வளர்மதிக்குத் தெரியாது. இனி எவனைப் பார்த்தாலும் அவளுக்குத் தெரியப் போவதில்லை. சின்னதுரை காதில் விழாதவன் போல உள்ளே ஏறினான். இடது பக்கம் போக்குக் காட்டி வலது மூலையில் இருந்தவனைத் தொட்டான். அது நல்ல தொடுகை, பழைய தொடுகை. திரும்பித் தாவியபோது கனத்த இடுப்பு ஒரு நொடி பின்தங்கியது. சரத்குமார் கணுக்காலில் விழுந்தான். இன்னும் இருவர் மேலே சரிந்தார்கள். சின்னதுரையின் விரல்கள் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் புழுதியைக் கீறிக்கொண்டு நின்றன.

அருமையான பிடி.

பக்கத்தில் நின்ற பெண், "நீங்க திருமானூருங்களா?" என்று சிரித்தபடி கேட்டாள். அப்போதுதான் வளர்மதி கவனித்தாள், தன் இரண்டு கைகளும் தட்டிக்கொண்டிருந்தன. புழுதியிலிருந்து எழுந்த சின்னதுரை டிரெய்லர் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கைகளைக் கீழே விட்டாள். அவன் முழங்காலைத் தட்டிக்கொண்டு வெளியே நடந்தான். திருமானூருக்கு ஒரு புள்ளி என்று மைக்கில் சொன்னார்கள்.