ரிப்பன் வெட்டும்வரை

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை. எழுத உட்கார்ந்தேன்... கை வரவில்லை. கோபம்.

இங்கே அந்தமானில், திக்லிபூரில் எங்கள் மரக் கம்பெனியின் தர்ம டிரஸ்ட் ஒரு பிரசவ அறை கட்டியது. நான் அந்தக் கம்பெனியில் லாரி ஓட்டுகிறவன். செங்கல், சிமெண்ட் எல்லாம் நான் ஏற்றி வந்ததுதான். இரண்டு கட்டில், புது மெத்தை, எல்லாம் தயார். ஆனால் பூட்டு.

ஏன்? மெயின்லேண்டிலிருந்து முதலாளி வந்து ரிப்பன் வெட்ட வேண்டும். கப்பல் வரவில்லை. அரிசி கப்பலுக்குக் காத்திருக்கும், கடுதாசி காத்திருக்கும். பிள்ளை காத்திருக்குமா?

மரம் வெட்டும் முனியன் காட்டில் இருந்தான். அவன் மனைவி சரோஜாவுக்கு மத்தியானம் வலி கண்டது. நல்ல மழை. லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவும் கூட வந்தார். கதவை மறித்து வாட்ச்மேன் ராமையா. சாவி அவன் இடுப்பில்.

"அண்ணே, படா சாப் வராம தொறந்தா என் நௌக்ரி போயிடும். அப்புறம் வேலைக்கு எங்கே போவேன்?"

கை ஓங்கிவிட்டேன். சரோஜா வேண்டாம் என்று தலையசைத்தாள். அதற்குமேல் நிற்க அவளால் முடியவில்லை.

வராந்தாவில் பிறந்தது. பெண். சாரல் அடிக்க அடிக்க, வங்காளி அம்மா தன் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டே பிள்ளையை எடுத்தார். தாய்க்கு நாலு நாள் காய்ச்சல். பிழைத்தாள்.

டீக்கடையில் கத்தினேன். எல்லோரும் என்மேல்தான் பாய்ந்தார்கள். இதையாவது கட்டினானே, புண்ணியவான், நீ கட்டினாயா என்று கேட்டார்கள். நியாயம்தான். நான் கட்டவில்லை. ஆனால் காட்டை வெட்டியது யார்? வெட்டியதில் ஒரு துண்டைத் திருப்பித் தந்தால் அதற்குப் பெயர் தர்மமா? தந்தபிறகும் சாவி அவர்களிடமே இருந்தால், தந்ததாக அர்த்தமா?

எட்டாம் நாள் கப்பல் வந்தது. ரிப்பன் வெட்டினார்கள். கை தட்டினோம். நானும் தட்டினேன் — எனக்கும் வேலை வேண்டுமே. பாதிக் கோபம் அதில்தான்.

மேனேஜர் சரோஜாவைக் கூப்பிட்டு, பிள்ளையோடு வாசலில் நிறுத்தினார். போட்டோவுக்கு. முதலாளி சிரித்துக்கொண்டே, அறை எப்படி இருக்கிறது என்று ஹிந்தியில் கேட்டார்.

ஹிந்தியிலேயே பதில் சொன்னாள்.

"தெரியாது சாப். நான் இன்னும் உள்ளே போகவில்லை."

அவர் சிரிப்பு மாறுவதற்குள் படம் எடுத்துவிட்டார்கள். போட்டோவில் பேச்சு விழாது... அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.