உருக்கம் என்று நினைத்தேன்

திருப்பரங்குன்றம் கோயிலில் காலைப் பதிகம் பாடுகையில் இருமல் வந்தது. வாய் துடைத்த துண்டில் செந்நிறக் கோடு ஒன்று தெரிந்தது. நுரையீரலில் புற்றுநோய் என்று மதுரை மருத்துவமனையில் உறுதிசெய்தார்கள்.

எனக்கு வாய்த்தது இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பாற்றலைக் கொண்டே நோயை எதிர்க்கும் சிகிச்சை). மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

"ஐயா, ரத்தத்துல டி செல்னு காவல்காரங்க இருக்காங்க. அவங்க மேல பிரேக் மாதிரி ஒரு ஏற்பி இருக்கு. புற்றுநோய் அந்த பிரேக்கை அமுக்கி அவங்களை நிப்பாட்டிருது. இந்த மருந்து அமுக்க விடாது. ஆனா, அவுத்துவிட்ட காவல்காரங்க சில நேரம் வீட்டு ஆளையே அடிச்சிருவாங்க. உடம்புல எது மாறுனாலும் சொல்லிருங்க."

ஏற்பி (உயிரணுவின் மேற்பரப்பில் செய்தி வாங்கும் புரதம்) என்னும் சொல்லை அன்றுதான் அறிந்தேன்.

சில மாதங்களில் என் பாட்டு மெதுவாயிற்று. அடிதோறும் நின்றேன், குரல் கரகரத்துத் தழைந்தது. உடன் பாடுவோர் கண்கலங்கினர்.

"அண்ணே, இம்புட்டு உருகி நீங்க பாடிக் கேட்டதில்ல," என்றார் ஒருவர்.

நானும் நம்பினேன். மரணத்தின் அருகே நின்றதால் அன்பு கனிந்ததென்று உள்ளூர மகிழ்ந்தேன். சித்திரை வெயிலில் போர்வை தேடியதைக்கூட மருத்துவரிடம் கூறவில்லை.

என் மனைவி சிவகாமிக்கு, வீட்டில் நான் பாடும் பதிகமே இட்லிக் கணக்கு. பாட்டு முடிந்தால் அடுப்பை அணைப்பாள்.

"ஏங்க, உங்க பாட்டு முடியறதுக்குள்ள தெனமும் இட்லிப் பானையில தண்ணி வத்திப் போகுது. உடம்புக்கு என்னமோ ஆகுது. கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

"உருக்கத்தைக் கொறை சொல்லாத."

"உருகுங்க, யாரு வேணாங்கிறா? ரத்தத்தச் சோதிச்சுப் பாத்துட்டு உருகுங்க."

அவிழ்த்துவிட்ட காவல்காரர்களால் தைராய்டு (உடலின் வேகத்தை ஆளும் கழுத்துச் சுரப்பி) அடிபட்டிருந்தது என்று சோதனையில் தெரிந்தது. பாட்டு மெதுவானதும் வெயிலில் குளிர் எடுத்ததும் அதனால்தான்.

"அப்ப, அந்த மருந்த நிப்பாட்டிருவீகளா டாக்டர்?" சிவகாமியின் விரல்கள் என் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தன.

"நிப்பாட்ட வேணாம்மா. தினம் வெறும் வயித்துல ஒரு மாத்திரை போதும். நல்லவேளை, இப்பவே கூட்டிட்டு வந்தீங்க."

அன்பரே, இம்மருந்தை நீங்களும் ஏற்றுக்கொள்பவராயின், வலியை மட்டுமன்று, இனிமையாகத் தோன்றும் மாற்றத்தையும் சொல்லிவிடுங்கள்.

குரல் தெளிந்தது. கட்டி சுருங்கியிருக்கிறது, மறைந்துவிடவில்லை. அந்த மெதுவான காலைகளில் பாடியது சுரப்பியின் குறையா, இறைவன் அருளா என்று பிரித்தறிய நான் முயல்வதில்லை. இவ்வுடல் எனக்குத் தெரியாத காவலில் இருக்கிறது.

மாத்திரை விழுங்கியபின் சற்று நேரம் எதுவும் உண்ணலாகாது. சிவகாமியும் அடுப்பைப் பற்றவைக்காமல் அருகே வந்து அமர்கிறாள். மணமான நாளிலிருந்து விடியற்பொழுதெல்லாம் நான் பாடினேன், அவள் சமைத்தாள். இருவரும் சும்மா சேர்ந்திருக்கும் காலை இப்போதுதான் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது.