கல்யாணத்து மறுநாள் சொதி

எங்கள் தெருவில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். பிறகு சொல்லித் தொலைப்பேன். ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் வேண்டுமென்றால் முனை வீடு. கொத்து ரொட்டிக்குக் குழாயடிக்கு எதிரே. இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் எங்கள் வீடு. சிலோனிலிருந்து கப்பலேறித் திரும்பியவர்களுக்குத் தாமிரபரணிக் கரையோரம் ஒதுக்கிய தெரு அது. டவுன்காரர்கள் பஸ் ஏறி வந்து விரலைச் சூப்பிச் சாப்பிடுவார்கள். ஊருக்குள் போய் ‘அகதிக் காலனி’ என்பார்கள்.

அப்பா போன பிறகு வாசல் அறையில் பெஞ்சு போட்டு அம்மா தொடங்கிய கடை எங்களுடையது. தொண்ணூறுகளின் நடுவில் நான் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனபோது டவுனிலிருந்து வந்த ஒருத்தி சிநேகிதியானாள். சைவக் குடும்பத்துப் பெண். வகுப்பு முடிந்தால் நேராக எங்கள் அடுப்படிதான். ஒரு அடுப்பில் கருவாடு கொதித்துக்கொண்டிருக்கும். அவள் பாட்டுக்கு இந்தப் பக்கம் பலகையைப் போட்டு உட்கார்ந்து, “அத்தை, இன்னொரு கரண்டி” என்பாள். “ஏட்டி, பைய சாப்பிடு. யாரும் பிடுங்கிக்கிட மாட்டாங்க” என்று அம்மா அவளுக்குத்தான் கெட்டியாகப் பார்த்து ஊற்றுவாள். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் அவள் வராத நாள் வெறிச்சென்று இருக்கும்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து போட வேண்டும். முகூர்த்தச் சாப்பாட்டில் குறை இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். சொதி சொதப்பினால் பேச்சு ஓயாது. அத்தைதான் வைக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அவளுடைய அம்மாவே எங்கள் வீடு தேடி வந்தார்.

“பந்தி முடிஞ்சதும் சபையில கூப்பிட்டு வெத்தலை பாக்கு வச்சு மரியாதை செய்யுதோம். பொறவு டவுன்ல எந்தக் கல்யாணம்னாலும் உங்களைத்தான் தேடுவாங்க” என்றார்.

அம்மாவுக்கு அது போதும். கல்யாண வீட்டுக் கை என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், விடியுமுன் எழுந்து இடியாப்பம் பிழிந்து தோள் கழன்றுபோகிற பிழைப்பு தீர்ந்துவிடும். அதைத்தான் அவள் வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் முடியும்வரை வீட்டில் கருவாட்டுச் சட்டியையே தொடவில்லை.

அன்று அவர்கள் கொல்லையில் நாங்கள் இருவரும் தேங்காய் துருவிப் பால் பிழிந்தோம். கடைசியாக இஞ்சிச் சாறும் முதல் பாலும் விட்டு இறக்கியபோது எனக்கே நாக்கில் நீர் ஊறியது. பந்தி தொடங்கியதும் அம்மா கைகால் கழுவி, பையில் மடித்துக் கொண்டுவந்த பட்டுச் சேலையை விறகுக் கொட்டகையில் கட்டிக்கொண்டு வந்து, கூடத்துக் கதவோரம் நின்றாள். பின்னால் நானும் நின்றேன்.

“சொதி அமிர்தமா இருக்கு. யார் கைப்பக்குவம்?” என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

“நான்தான் வச்சேன்” என்றார் சிநேகிதியின் அம்மா.

சிநேகிதி எங்களைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு மாமியார் பக்கம் திரும்பி, “எங்க அம்மா சொதி வச்சா தெருவே மணக்கும், அத்தை” என்றாள்.

அம்மா அந்தப் பட்டுச் சேலையோடு அப்படியே நின்றாள். கூடத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு சிநேகிதியின் அம்மா கொல்லைக்கு வந்து வெற்றிலைத் தட்டை நீட்டினார். “கருவாடு வேகுத வீட்டுக் கைன்னு தெரிஞ்சா அவங்க கை நனைப்பாங்களா? தப்பா எடுத்துக்கிடாதீங்க.” அம்மா வாங்கிக்கொண்டாள்.

டவுனிலிருந்து ஒரு கல்யாண வீடும் எங்களைத் தேடி வரவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் ஸ்கூட்டரில் அவளும் மாப்பிள்ளையும் எங்கள் வாசலில் வந்து இறங்கினார்கள். இங்கே இடியாப்பம் நன்றாக இருக்கும் என்று அவருடைய ஆபீசில் யாரோ சொன்னார்களாம். தெரு முழுக்கக் கருவாட்டு வாசம். அவர் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. அவள் என் அம்மாவைப் பார்த்து, “ஏ அக்கா, ரெண்டு இலை போடுங்க” என்றாள், அன்றுதான் அந்தப் படியேறியவள் போல.

அவர் ஒரு வாய் வைத்தார். “நம்ம கல்யாணத்துச் சொதி மாதிரியே இருக்குலா?”

“எங்க அம்மா சொதி எங்க, இது எங்க” என்றாள் அவள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “ஆமா தம்பி, வீட்டுச் சொதி மாதிரி கடைச் சொதி வருமா?” என்று அவர் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

ஸ்கூட்டர் முனை திரும்பியதும் கத்தினேன். “அவ பொய் சொல்லுதா, நீயும் கூடச் சேர்ந்து ஒத்து ஊதுத!”

“அது அவ வாழப் போன வீடு. நம்மால அங்கன ஒரு சண்டை வரக்கூடாது.”

“அவ நல்லா இருக்கணும். நானும் நீயும் இடியாப்பம் பிழிஞ்சே சாகலாம், அப்படித்தானே?”

“ஆமா” என்றாள் அம்மா.

சிநேகிதியை அன்றோடு விட்டுவிட்டேன். அம்மாவோடு மறுநாள் காலையிலும் அதே அடுப்படியில் நிற்க வேண்டியிருந்தது.