ஒன்றைத் தாண்டிய கம்ப்யூட்டர்

போன வாரம் ஒரு கம்ப்யூட்டர் அடம்பிடித்ததை நேரில் பார்த்தேன்.

திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருப்பவர் என் நண்பர் பொன்னுசாமி. கம்ப்யூட்டர் வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, ஏ.ஸி. அறையில் குடியேற்றியிருக்கிறார். அதை இயக்க அவிநாசியிலிருந்து சுகந்தி என்ற பெண் வருகிறாள். வேலைக்குப் புதுசு. "தண்டச் செலவு, ரெண்டையும் திருப்பி அனுப்பிடுங்க" என்று முதல் நாளிலிருந்தே முணுமுணுப்பவர், பொன்னுசாமியின் மைத்துனர் செல்வராஜ்.

நான் அங்கே போனதற்கு மறுநாள், துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார். வெளிர் நீலத்திலிருந்து அடர் நீலம்வரை பத்து சாம்பிள் துணி காட்டவேண்டும். சாயம் 0.1 சதவீதத்தில் தொடங்கி, 0.1 வீதம் ஏறி, 1 வந்ததும் நிற்கவேண்டும். இதற்கு சுகந்தி ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள்.

பிரிண்டர் கிறீச்சிட்டது. 0.8... 0.9... 1... 1.1... 1.2...

நிற்கவே இல்லை! பேப்பர் மேஜையிலிருந்து இறங்கி, செல்வராஜின் காலடிவரை வந்துவிட்டது.

"ஏனுங் மச்சான், அஞ்சு சதவீதம் போட்டா அது நீலமுங்களா, கருப்புங்களா?" — அவருக்கு ஒரே சந்தோஷம்.

பொன்னுசாமி சுவிட்சை அணைத்தார். "ஏனம்மிணி, பாயிண்ட் ஒண்ணைப் பத்துத் தடவை கூட்டுனா ஒண்ணுதான? இதுகூடத் தெரியாத மெஷினா?"

சுகந்தி பேப்பரையே பார்த்தாள்.

"தப்பு என்னுதுங்கண்ணா. மூணுல ஒரு பங்கை நாம பாயிண்ட் வெச்சு எழுதுனா 0.333-ன்னு முடியாமப் போகுமில்லீங்களா? கம்ப்யூட்டருக்குப் பாயிண்ட் ஒண்ணே அப்படித்தானுங்க. வாலை வெட்டிட்டு, ஒரு பொட்டு ஏத்தித்தான் வெச்சுக்கும். பத்துத் தடவை கூட்டுறப்ப, ஒண்ணுக்கு மேல ஒரு துளி வந்துருது. பேப்பர்ல ஒண்ணுன்னு அடிக்குது. உள்ளுக்குள்ள அது ஒண்ணு இல்லீங்க. 'சரியா ஒண்ணு வந்தா நில்லு'ன்னு எழுதிட்டேன். அது தாண்டிப் போயும் இன்னும் ஒண்ணைத் தேடிட்டிருக்குது."

இரண்டு வரியைத் திருத்தினாள். ஒன்றிலிருந்து பத்துவரை முழு எண்ணாக எண்ணவேண்டியது. ஒவ்வொன்றையும் பத்தால் வகுக்கவேண்டியது. அவ்வளவுதான். பிரிண்டர் பத்து வரி அடித்துவிட்டு, நல்ல பிள்ளையாக நின்றது.

"எனக்கென்னமோ நம்பிக்கை இல்லீங்க" என்றார் செல்வராஜ்.

பொன்னுசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குத்தான் மாப்ளே இது நல்லாப் புரியோணும். பத்துக்குப் பத்துப் பொருத்தம் இருந்தாத்தான் கட்டுவேன்னு, வந்த பொண்ணையெல்லாம் தாண்டித் தாண்டி முப்பத்தாறுல நிக்கறே!"

சுகந்தி சட்டென்று கீபோர்டுப் பக்கம் குனிந்துகொண்டாள். நான் சிரிப்பை அடக்கக் காபி டம்ளரை வாயில் கவிழ்த்தேன் — அது எப்போதோ காலி!

பையர் வந்தார். பத்து நீலத்தில் நான்கு அவருக்குப் பிடித்துப்போனது. சுகந்திக்கு வேலை நிரந்தரம்.

நாமும்தான்... எல்லாம் கச்சிதமாக அமையட்டும் என்று காத்திருந்தே, எத்தனை நல்லதைத் தாண்டி ஓடியிருக்கிறோம்?

செல்வராஜ் நேற்று மடத்துக்குளத்துக்குப் பெண் பார்க்கப் போனாராம். ஜாதகத்தை வீட்டிலேயே 'மறந்து' வைத்துவிட்டாராம்!