மூடி வைத்த சாமை விதை

கொல்லிமலையில் எங்களுடையது மழையை நம்பிய காடு. முதல் விதைப்பு காய்ந்துபோனால் மறுபடி விதைக்கவென்று தனியாகச் சாமை விதை வைத்திருப்போம். சாம்பல் கலந்து மண்மொடாக்களில் கொட்டி, வாயைச் சாணியால் மெழுகிவிடுவார்கள். நான் வாக்கப்பட்டு வந்த வருஷம் ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, மொடாக்கள் இருந்த மூலையெல்லாம் ஈரம்.

"ஏனுங்க மாமா, விதைக்கு உசுரு இருக்குதான்னு பாத்துரலாங்களா?" என்று மாமனாரிடம் கேட்டேன்.

"மூடுனதத் தொறந்தா பூச்சி ஏறும். முளைக்கப் போட்டுப் பாக்குற விதையும் வீணு."

"எல்லாத்தையும் தொறக்க வேண்டாங்க. அமாவாசைக்கு ஒரு மொடா. ஒரு சிட்டிகை எடுத்து ஈரத்துணியில முடிஞ்சு வெச்சுட்டு, அப்பவே மெழுகிரலாம். விதைப்புக்குள்ள எல்லா மொடாவும் ஒரு தடவ பாத்த மாதிரி ஆயிரும்."

"நேத்து வந்தவ எனக்கு வெவசாயம் சொல்றயா?"

என் கணவர் வாயே திறக்கவில்லை. அவர்மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம்.

ஆனியில் விதைத்த பயிர் முளைத்து, மழையில்லாமல் கருகியது. மறுமழை பெய்ததும் மொடாக்களைத் திறந்தார்கள். ஒன்றில் விதை கட்டிகட்டியாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. மற்றவை பார்வைக்கு நன்றாகவே இருந்தன. அவற்றையே விதைத்தோம். ஒன்றும் முளைக்காமல் காடு வெறுங்காடாகக் கிடந்தது.

"மண்ணு சரியில்ல" என்றார் மாமனார்.

மிச்சமிருந்த விதையை ஒவ்வொரு மொடாவிலிருந்தும் எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். நாலாம் நாள் எல்லோர் முன்னாலும் பிரித்துப் போட்டேன். ஒரு முளைகூட இல்லை.

"மண்ணா சரியில்ல? சொல்லுங்க!" என்று கத்தினேன். அந்த வீட்டில் அதற்குமுன் எந்த மருமகளும் கத்தியதில்லை.

யாரையும் கேட்காமல் மலையின் அந்தக் கோடியிலிருந்த என் அம்மா வீட்டுக்கு நடந்தேன். அண்ணன் தன் விதையில் பாதியைக் கட்டிக்கொடுத்தார். காலம் தப்பிய விதைப்பு, கால்வாசிதான் விளைந்தது. அந்த வருஷம் முழுக்க மரவள்ளிக்கிழங்கைத் தின்றே ஓட்டினோம்.

அடுத்த அறுவடையிலிருந்து மொடாக்களை நானே பார்த்துக்கொண்டேன். அமாவாசைக்கு ஒன்று. யாரும் தடுக்கவில்லை.

ஒருநாள், நாத்தனாரைக் கட்டிக்கொடுத்த காரவள்ளியிலிருந்து வந்த சம்பந்தியிடம் மாமனார் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்மூட்ல அப்பப்ப விதைய முளைக்கப் போட்டுப் பாத்துருவோமுங்க. நாந்தான் இந்த ஏற்பாடு பண்ணுனேன்."

கையிலிருந்த சோற்றுச் சட்டியை ஓங்கி வைத்தேன். கணவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"நானுங்க பண்ணுனது" என்றேன் சம்பந்தியிடம். "மாமா வேண்டான்னாங்க."

சட்டியை எடுத்துக்கொண்டு நான் பரிமாறப் போய்விட்டேன்.