வேப்பூர் பஸ்ஸைப் பார்த்துக் கூலி சொன்னவர்

சூளையிலிருந்து பொம்மைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. கலியபெருமாள் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார் என்றார் அவர் மகன். கையிலிருந்த பொம்மையைப் பத்திரமாகக் கீழே வைத்தேன். உடைத்திருந்தால் அதற்கும் என்னைக் கிண்டலடித்திருப்பார்.

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதியவர் அவர். கூலியில் அவருடையது உச்சம். மண் சுமக்கும் எங்களுடையது தரை.

தினமும் காலையில் டீக்கடையில் நின்று வேப்பூர் பஸ்ஸைப் பார்ப்பார். வேப்பூரில் இறங்கினால் சென்னைக்கு வண்டி பிடிக்கலாம். மூட்டை முடிச்சோடு ஏறுகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்து, மண் சுமக்கிற கூலி ஏறுமா ஏறாதா என்று சொல்வார்.

"ஜோசியரே, கிளி எங்க?" என்பேன்.

"அதான் நீ கத்திக்கிட்டிருக்கியே" என்பார்.

ஒரு வருஷம் பொங்கல் முடிந்ததும் பஸ்ஸில் படிக்கட்டு வரை கூட்டம். "எங்க கூலிக்கும் உங்க கூலிக்கும் நடுவுல இருக்கற தூரம் கொறையும் பாரு. மண்ணு தூக்க ஆளு கெடைக்காது" என்றார். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்களே குடும்பத்தோடு சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போக மூட்டை கட்டியிருந்தோம். மகளின் ஸ்கூலை நிறுத்துவதாக முடிவு. அதை அவரிடம் சொன்னேன்.

அண்ணன் நேராக முதலாளியிடம் போனார். கலர் அடிக்கிறவர்கள் பின்னாலேயே வந்து தடுத்தார்கள். எங்களுக்கு ஏற்றினால் தங்களுக்கு ஏறாதே என்ற பயம்.

"மண்ணு வரலன்னா எதுல கலர் அடிப்ப? உன் மூஞ்சிலயா?" என்று அவர்களில் ஒருவரைக் கேட்டார். பிறகு முதலாளியிடம், "இந்த வருஷம் எனக்கு ஏத்த வேணாங்க. இவங்களுக்கு ஏத்துங்க. இல்லன்னா நாளைக்கு பஸ் ஏறிடுவாங்க" என்றார்.

முதலாளி ஏற்றினார். நாங்கள் மூட்டையை அவிழ்த்தோம். மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள்.

அவர் சொன்னபடியே ஆனது. ஆளில்லாமல் மற்ற பட்டறைகளில் சூளை ஆறிக் கிடந்தது. பிறகு அவர்களும் ஏற்றினார்கள். கண் எழுதுகிறவர் கூலியை நாங்கள் எட்டவில்லை. ஆனால் அண்ணனுக்கு நான் டீ வாங்கிக் கொடுக்கும் அளவுக்குக் கிட்டே வந்துவிட்டோம். "கிளி வாங்கிக் குடுக்குது" என்று ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் குடிப்பார். அவரோடு ஒரே பட்டறையில் இருந்தேன் என்று சொல்லும்போது எனக்குத் தலை தானாக நிமிர்கிறது.

அடக்கத்தன்று கண் எழுதுகிறவர்களும் மண் சுமக்கிறவர்களும் அவர் வாசலில் ஒன்றாக நின்றோம். தெருமுனையில் வேப்பூர் பஸ் போனது. குனிந்து அவர் காதருகே சொன்னேன்:

"பஸ்ஸு காலியா போவுதுண்ணே. ஒருத்தரும் ஏறல. எல்லாரும் இங்கதான் இருக்கோம். நீங்க போயிட்டு வாங்க."